பசங்களுக்கு பக்தி குறையல, அவங்க கேள்விக்கு கூட உக்காந்து பேசத்தான் ஆளில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதில நம்ம மாவட்டத்துப் பெரியவர் ஒருத்தர் எழுதியிருந்தார், இந்தக் காலத்துப் பசங்களுக்கு பக்தியே இல்லாம போச்சு, கோயிலுக்கு வந்தாலும் போன நோண்டிக்கிட்டே நிக்கறாங்க, நம்ம தர்மமே இவங்களோட முடிஞ்சுடும் போலன்னு. அவரோட வருத்தம் எனக்கு நல்லாவே புரியுது, அத குறை சொல்ல வரல. ஆனா பக்தி இல்லன்னு அவர் சொன்னத மட்டும் என்னால ஒத்துக்க முடியலீங்க. தைப்பூசத்துக்கு தர்மபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலுக்கு வந்து பாக்கட்டும், பொம்பளைங்களே வடம் புடிச்சு இழுக்கற தேர் அது, அதுல தாவணியும் சுடிதாருமா எத்தன ஸ்கூல் புள்ளைங்க முன்னால நிக்குதுங்கன்னு தெரியும். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்ல சாம்பல் பூசணில வெளக்கு போட வர்ற கூட்டத்துல பாதிக்கு மேல சின்ன வயசுதான். ஐயப்பனுக்கு மாலை போட்டு செருப்பில்லாம ஸ்கூலுக்கு வர்ற பசங்க இருக்காங்க. பக்திக்கு ஒண்ணும் குறையில்ல. நாம அவங்களுக்கு குடுக்காம விட்டது வேற ஒண்ணு. தன்னைத் தானே தெரிஞ்சுக்கறதுக்கு நம்ம சாஸ்திரத்துல இருக்கற வழிய நாம அவங்களுக்கு சொல்லிக் குடுக்கவே இல்ல. அதப் பத்திதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்குங்க.

நான் பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு கிராமத்துல இருக்கேன், கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதற வேலை. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எங்க ஊர் பிள்ளையார் கோயில் வெளி மண்டபத்துல ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிக்கற புள்ளைங்கள உக்கார வெச்சு கொஞ்ச நேரம் தியானம், கொஞ்ச நேரம் ஏதாவது ஒரு நூல்ல இருந்து ரெண்டு வரி, மிச்ச நேரம் பேச்சு. ஃபீஸ் கிடையாது, பேனர் கிடையாது.

நம்ம ஊர்ல விநாயகர் அகவல் தெரியாத வீடு கம்மி. அதியமான் நெல்லிக்கனி குடுத்த அவ்வையோட மண்ணு இதுன்னு நமக்கு ஒரு பெருமை உண்டு, அகவல் பாடின அவ்வை பிற்காலத்து அவ்வைன்னு தமிழ் படிச்சவங்க சொல்வாங்க, ரெண்டு பேருமே நமக்கு பாட்டிதான், அது இருக்கட்டும். எங்க வகுப்புக்கு வர்ற பிளஸ் ஒன் பையன் ஒருத்தன் அகவல மூச்சு விடாம ஒப்பிப்பான், சீதக் களபத்துல ஆரம்பிச்சா விரைகழல் சரணேல போய்த்தான் நிப்பான். ஒரு நாள் அவன நடுவுல நிறுத்தி, இப்ப சொன்னியே "என்னை அறிவித்து எனக்கருள் செய்து", அந்த வரிய மட்டும் மறுபடி சொல்லு கண்ணுன்னேன். சொன்னான். அப்பறம் அவனே, "ஏங்கக்கா, என்ன எனக்கே ஒருத்தர் அறிவிக்கணுமா, எனக்கு என்னத் தெரியாதா?"ன்னு கேட்டான். ஒரு நிமிஷம் யாரும் பேசல. பக்கத்துல இருந்த புள்ள ஒண்ணு, "நேத்து எதுக்குடா உங்கம்மா மேல தட்ட தூக்கி எறிஞ்ச, தெரியுமா உனக்கு?"ன்னுச்சு. அவன் யோசிச்சு, "தெரியலக்கா, கோவம் வந்துச்சு, எறிஞ்சுட்டேன்"ன்னான். கோவம் வந்துச்சுன்னு சொல்றியே, அது வர்றத பாத்தது யாருன்னு கேட்டேன். அதுலயே அன்னைக்கு வகுப்பு முழுசும் போச்சு. அஞ்சாறு வயசுல இருந்து மனப்பாடமா சொல்லிக்கிட்டிருக்கற பாட்டுக்குள்ள தனக்கு வேண்டிய விஷயம் இருக்குதுன்னு அந்தப் பையனுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அகவல்ல இடகலை பிங்கலை, மூலாதாரம், மனோலயம்னு யோக சாஸ்திரமே இருக்குதுங்க, அத நாம கொழுக்கட்டைக்கு முன்னாடி வேகமா சொல்லி முடிக்கற பாட்டா ஆக்கி வெச்சிருக்கோம்.

பதிமூணுல இருந்து பதினெட்டு வயசுக்குள்ள "நான் யாரு"ங்கற கேள்வி எல்லாப் புள்ளைக்கும் தானா வருது. வேற வார்த்தைல வரும், என்ன ஏன் யாருக்கும் புடிக்கல, நான் ஏன் இப்புடி இருக்கேன், செத்துட்டா என்ன ஆகும், நான் எதுக்கும் லாயக்கில்லையான்னு வரும். நாம உக்காந்து பேசலேன்னா அந்தக் கேள்வி போயிடாது, வேற யாராவது பதில் குடுத்துடுவாங்க. பைக்ல ஒட்டற ஸ்டிக்கர் குடுக்கும், கைல கட்டற கலர் கயிறு குடுக்கும், நீ இன்ன ஆளுங்கடா, அவன் நமக்கு கீழடான்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் குடுக்கும். மார்க் ஷீட் ஒரு பதில் சொல்லும், இன்ஸ்டால வர்ற லைக்கு ஒரு பதில் சொல்லும். சாதிப் பேர சொல்லி நம்ம மாவட்டத்துல என்னென்ன நடந்துச்சுன்னு இந்தப் பத்திரிகை படிக்கற யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. "தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை, தன்னை அறியாமல் தானே கெடுகின்றான்"னு திருமூலர் சொன்னாரே, அந்தக் கெடுதல நாம கண்ணால பாத்துட்டுத்தான் இருக்கோம். எங்க வகுப்புல ஒரே பாய்ல எல்லாத் தெருப் புள்ளைங்களும் உக்காரும், அதுல நான் எந்த சமரசமும் பண்ண மாட்டேன், எல்லா உடம்புக்குள்ளயும் ஒரே ஆத்மான்னு படிச்சுட்டு பாய மட்டும் தனித்தனியா போட்டா அது என்ன படிப்பு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல பெத்தவங்க பாதிப் பேரு பெங்களூருலயும் திருப்பூர்லயும் வேலைல இருக்காங்க, புள்ளைங்க பாட்டி கூட இருக்குதுங்க. மிச்சப் பேரு புள்ளைங்கள ஹாஸ்டல்ல விட்டுடறாங்க, அங்க காலைல இருட்டுல எழுப்பி ராத்திரி வரைக்கும் படிப்பு, நீட்டு, டெஸ்ட்டு. அந்தப் புள்ளைங்ககிட்ட நீ எப்படி இருக்கேன்னு யாரும் கேக்கறதில்ல, எவ்வளவு எடுத்தேன்னுதான் கேக்கறாங்க. சாந்தோக்கிய உபநிஷத்துல ஸ்வேதகேதுன்னு ஒரு பையன், பன்னெண்டு வயசுல குருகுலம் போயி இருவத்திநாலு வயசுல வேதம் எல்லாம் படிச்சு முடிச்சு தலைக்கனத்தோட வீட்டுக்கு வர்றான். அவங்கப்பா உத்தாலகர் பாத்துட்டு, எல்லாம் படிச்சியே, எத தெரிஞ்சுக்கிட்டா தெரியாததெல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிடுமோ அத கேட்டியான்னு ஒரே கேள்விதான் கேக்கறார். பையனுக்கு பதில் தெரியல. அப்பறம் அப்பாவே உக்கார வெச்சு ஆலம்பழத்த புட்டு விதைய காட்டி, தண்ணில உப்பப் போட்டு மேல நடுவுல அடில நக்கிப் பாக்க சொல்லி, கண்ணுக்குத் தெரியாம எங்கயும் நெறஞ்சிருக்கறது எதுவோ அதுதான் நீன்னு சொல்லிக் குடுக்கறார். அத நாங்க டம்ளர்ல செஞ்சே பாத்தோம். பசங்க மொகம் மாறுது. அது வேதாந்தம்ங்கறது கூட அவங்களுக்குத் தெரியாது, ஆனா வீட்டுக்குப் போயி தம்பி தங்கச்சிக்கு செஞ்சு காட்டியிருக்காங்க.

எல்லாத்த விடவும் இந்த வயசுக்குன்னே எழுதி வெச்ச மாதிரி இருக்கறது கடோபநிஷத்து, நசிகேதன் கதை. இத கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா நெறைய பெத்தவங்களுக்கே முழுசா தெரியல. அவங்கப்பா பெரிய யாகம் பண்ணி தானம் குடுக்கறார், குடுக்கற மாடெல்லாம் எப்படி இருக்குதுன்னா, தண்ணி குடிச்சு முடிச்சு, புல்லு தின்னு முடிச்சு, பால் கறந்து முடிச்சு, இனி கன்னே போடாதுன்னு ஆன கெழட்டு மாடு. பாத்துட்டு நிக்கற பையனுக்கு மனசு கேக்கல. அப்பா, என்ன யாருக்கு தானம் குடுப்பீங்கன்னு கேக்கறான், ஒரு தடவ ரெண்டு தடவ மூணு தடவ கேக்கறான், அப்பாக்கு கோவம் வந்து உன்ன எமனுக்கு குடுக்கறேன் போடான்னுடறார். இந்த எடத்துல எங்க பசங்க எல்லாரும் நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. மாடு வளக்கற வீட்டுப் புள்ளைங்க, வத்திப்போன மாட்ட சந்தைல தள்ளிவிடறது என்னன்னு அவங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. அப்பா பண்ற தப்பு கண்ணுக்குத் தெரியுது, கேட்டா திட்டு விழுது, இது அவங்க வீட்டுக் கதைதானே. அவன் நெசமாவே எமன் வீட்டுக்குப் போயி மூணு ராத்திரி பட்டினியா காத்துக் கெடக்கறான், எமன் வந்து காக்க வெச்சதுக்கு மூணு வரம் தர்றேங்கறார். பையன் மொதல்ல கேக்கற வரம் என்ன தெரியுங்களா, எங்கப்பா கோவம் தணியணும், நான் திரும்பிப் போறப்ப என்ன அடையாளம் கண்டு நல்லபடியா பேசணும். இத படிச்சப்ப பெங்களூர்ல அப்பா இருக்கற ஒரு பத்தாவது புள்ள அழுதுடுச்சு. மூணாவது வரமாத்தான் செத்த பின்னாடி மனுஷன் இருக்கானா இல்லையான்னு கேக்கறான். எமன் அத விட்டுடு தம்பி, பொன்னு தர்றேன், யானை குதிரை தர்றேன், நெலம் தர்றேன், நூறு வருஷம் வாழற புள்ளைங்க தர்றேன், ரதத்தோட தேவலோகப் பொண்ணுங்க ஆட்டம் பாட்டம் எல்லாம் தர்றேங்கறார். குதிரையும் ஆட்டமும் பாட்டும் நீங்களே வெச்சுக்குங்க, எல்லாம் நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, எனக்கு நான் கேட்டதுதான் வேணும்ங்கறான் அந்தப் பொடியன்.

நல்லது வேற, புடிச்சது வேற, ரெண்டும் மனுஷன் முன்னால வந்து நிக்கும், புத்தி உள்ளவன் பிரிச்சுப் பாத்து நல்லத எடுப்பான்னு எமன் அதுக்கப்பறம் சொல்றார். உடம்பு தேர், புத்தி தேரோட்டி, மனசு கடிவாளம், ஐம்புலன் குதிரைங்கன்னு அங்கதான் வருது. மண்டபத்துத் தரைல சாக்பீஸ்ல அந்தத் தேர வரஞ்சோம், ஒவ்வொரு குதிரைக்கும் பசங்களே பேர் எழுதினாங்க, ஃப்ரீ ஃபயர், ரீல்ஸ், பரோட்டான்னு எழுதிட்டு ஒருத்தன் மட்டும் ஒரு குதிரைகிட்ட ஒண்ணும் எழுதாம விட்டுட்டான். என்னடான்னேன், அது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்க்கான்னான். சரின்னு விட்டுட்டேன். தன்ன தான் பாக்க ஆரம்பிச்சுட்டான், அதுக்கு மேல நான் தோண்ட வேண்டியதில்ல.

தியானம்னு சொன்னா சில பெத்தவங்க பயப்படறாங்க, பையன் சாமியாரா போயிடுவான்னு. ரமண மகரிஷி 1896-ல மதுரைல பதினாறு வயசு ஸ்கூல் பையனா இருந்தப்பத்தான் சாவு பயம் வந்து கட்ட மாதிரி படுத்து, செத்தது உடம்புதானே, நான் யாருன்னு உள்ள பாத்தார், அதே வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்தவர் கடைசி வரைக்கும் அங்கயேதான் இருந்தார். ஊத்தங்கரை தாண்டினா செங்கம், அப்பறம் திருவண்ணாமலை, நமக்கு அவ்வளவு பக்கத்துல நடந்த வாழ்க்கை அது. அந்த மாதிரி கோடில ஒருத்தர், அத நாமளா வரவழைக்கவும் முடியாது தடுக்கவும் முடியாது. மத்தவங்களுக்கு கீதை இருக்குது. நான் சண்டை போட மாட்டேன், பிச்சை எடுத்தாவது பொழைச்சுக்கறேன்னு வில்ல கீழ போட்டவன்தான் அர்ஜுனன், கண்ணன் அவன காட்டுக்கு அனுப்பல, எழுந்து உன் வேலைய பாருன்னுதான் சொன்னார். ஆறாம் அத்தியாயத்துல அர்ஜுனனே, மனசு காத்து மாதிரி, புடிக்கவே முடியலேன்னு ஒத்துக்கறான், ஆமாம் கஷ்டம்தான், பழகப் பழகவும் பற்ற விட விடவும் வரும்ங்கறார் கண்ணன். மாவீரனுக்கே மனசு நிக்கலேன்னு கேட்டதும் பசங்களுக்கு ஒரு நிம்மதி. ஒரு புள்ள கண்ண மூடினா அம்மா மார்க்குக்கு திட்டறதுதான் கேக்குதுன்னு சொல்லுச்சு. பரவால்ல சாமி, அது கேக்குதுன்னு உனக்குத் தெரியுதில்ல, அப்படியே மூச்சுக்கு வான்னேன்.

நாங்க பண்ற தியானம் ரொம்ப சாதாரணம்ங்க. கீதைல சொன்ன மாதிரி சுத்தமான எடம், ரொம்ப ஒசரமும் இல்லாத தாழ்வும் இல்லாத ஆசனம், முதுகு கழுத்து தலை நேரா. மூச்சு போறதையும் வர்றதையும் பாக்கறது, பத்து நிமிஷம், அவ்வளவுதான். மூச்ச அடக்கற வேலை எதுவும் கெடையாது, அது நேர்ல குரு இல்லாம புள்ளைங்களுக்கு பண்ணக் கூடாது. ரொம்ப சாப்டறவனுக்கும் பட்டினி கெடக்கறவனுக்கும் ரொம்ப தூங்கறவனுக்கும் தூங்காதவனுக்கும் யோகம் வராதுன்னும் அதே அத்தியாயத்துல இருக்கு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் பாக்கற பசங்களுக்கு இத விட நேரா என்ன சொல்றது. வேதாத்திரி மகரிஷியோட மனவளக்கலைல அகத்தாய்வுன்னு தன்ன தானே ஆராயற பயிற்சி இருக்கு, அதுல எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார்னு படிப்படியா போகும், அதுல சினம் தவிர்த்தல எங்க பசங்க நோட்ல எழுதிப் பழகறாங்க, யார் மேல கோவம், எதுக்கு, அப்ப உடம்புல என்ன ஆச்சுன்னு. நோட்டு அவங்களோடது, நான் வாங்கிப் பாக்கறதில்ல.

ரெண்டு எச்சரிக்கையும் சொல்லணும். கண்ணக் கட்டிக்கிட்டு படிக்க வைக்கறோம், மூளைய திறக்கறோம், ஞாபக சக்தி ஏறும், மார்க் ஏறும்னு ஆயிரக்கணக்குல வாங்கற கிளாஸ்ங்க நம்ம பக்கமும் வந்துடுச்சு, தயவுசெஞ்சு அதுல புள்ளைங்கள சேக்காதீங்க, அது தியானமும் இல்ல, சாஸ்திரமும் இல்ல. அதே மாதிரி, நெசமாவே மனசு ஒடஞ்சு போயிருக்கற புள்ளைய, சாப்பிடாம தூங்காம சாகணும்னு பேசற புள்ளைய, தியானம் பண்ணு சரியாயிடும்னு உக்கார வைக்கக் கூடாது. கண்ண மூடினா அந்த நெனப்பு இன்னும் கூடலாம். அதுக்கு டாக்டர்தான். 14416-ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி நம்பர் இருக்கு, காசில்ல, ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம், அத எங்க மண்டபத்துத் தூண்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கோம்.

இத ஸ்கூல்ல வைக்கலாமேன்னு கேப்பாங்க. முழுக்க அரசு பணத்துல நடக்கற பள்ளில சமய போதனை கூடாதுன்னு அரசியலமைப்புச் சட்டம் 28-ஆவது பிரிவே சொல்லுது, எல்லா மதத்துப் புள்ளைங்களும் படிக்கற எடம், அது சரியான சட்டம்தான்னு நான் நெனைக்கறேன். நமக்குத்தான் ஊருக்கு ஊரு கோயில் இருக்கே, பூசை நேரம் போக மண்டபம் சும்மாத்தானே கெடக்குது. மாதவிலக்கு சமயத்துல, வீட்டுக்கு தூரம்னு பொம்பளப் புள்ளைங்க மண்டபத்துக்கு வரத் தயங்கினா அந்த வாரம் நூலகத்துத் திண்ணைல வெச்சுக்கலாம், எங்க ஊர்ல அப்படித்தான், எந்தப் பொண்ணும் வகுப்ப விட்டது கிடையாது. சமஸ்கிருதம் தெரியணுமேன்னும் தயங்க வேண்டாம். ஓசூர் பக்கம் தொரப்பள்ளில பொறந்த ராஜாஜி கீதையையும் உபநிஷத்தையும் சாதாரண ஜனங்க படிக்கற தமிழ்ல எழுதினவர். எங்க பாப்பாரப்பட்டில வாழ்ந்து 1925-ல அங்கயே கண்ண மூடின தியாகி சுப்பிரமணிய சிவா தேச விடுதலையையும் வேதாந்தத்தையும் ஒரே வாயால பேசினவர், ஜெயில்ல கெடந்து நோயோட திரும்பி வந்தும் அந்த மனுஷன் அடங்கல. அவரோட நினைவிடத்துக்கு ஸ்கூல் டூர்ல கூட்டிட்டு போறாங்க, போட்டோ எடுக்கறாங்க, இவ்வளவு தைரியம் இந்த ஆளுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு அங்க நின்னு ஒரு பத்து நிமிஷம் பசங்ககிட்ட பேசினா எவ்வளவு நல்லா இருக்கும்.

அதனால என்னோட வேண்டுகோள் இதுதாங்க. மார்கழி வருது, ஊர் ஊருக்கு திருப்பாவை திருவெம்பாவை ஒப்புவித்தல் போட்டி நடக்கும், முப்பதும் இருவதும் தப்பில்லாம சொன்னா பரிசு. அத நிறுத்த வேணாம், மனப்பாடம் நல்லது, அகவல் மனப்பாடமா இருந்ததாலதான் அந்தப் பையன் அந்த வரில நிக்க முடிஞ்சுது. கூடவே ஒரு பரிசு வையுங்க, ஒரே ஒரு பாட்ட எடுத்து இது என் வாழ்க்கைல எங்க வருதுன்னு சொந்த வார்த்தைல பேசற புள்ளைக்கு ஒண்ணு, நல்ல கேள்வி கேக்கற புள்ளைக்கு ஒண்ணு. அறங்காவலருங்க, பூசாரிங்க, ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியாருங்க, மனவளக்கலை படிச்சவங்க யாரா இருந்தாலும் ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, பதில் தெரியாட்டி தெரியல, தேடிட்டு வர்றேன்னு சொல்லுங்க, பசங்க அத மதிப்பாங்க. உங்க பத்திரிகைலயும் வாரத்துக்கு ஒரு நாள் கால் பக்கம் இந்த வயசுப் பசங்களுக்குன்னு ஒதுக்கி ஒரு பாட்டு, அதுல இருந்து ஒரு கேள்வி போட்டீங்கன்னா, தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் வகுப்பு நடத்தறவங்களுக்கு அதுவே பாடமா இருக்கும். மொத வாரத்துக்கு வேணும்னா எங்க பசங்களோட கேள்வி ஒண்ணு தர்றேன், எங்க யாருக்கும் இன்னும் சரியா பதில் வரல, வாசகருங்க எழுதட்டும். கடிவாளம் மனசு, ஓட்டறது புத்தின்னா, அந்தத் தேரோட்டி தூங்கிப் போற நேரத்துல அவன எழுப்பி விடறது யாரு?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாப்பாரப்பட்டி அருகில், தர்மபுரி மாவட்டம்.